ஓரமா நில்லுங்க: ஆப்பிரிக்கப் பயணிகளிடம் மட்டும் ஏன் இந்தக் குரல்?

அக்ராவாசி · வியாழன், இரவு 9:12

கானாவில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இங்கே இறக்கி வைக்கிறேன்.

நானும் எங்கள் கம்பெனியின் கிடங்கு மேலாளரும் அக்ராவிலிருந்து சென்னைக்கு வந்தோம். கானாக்காரர், 58 வயது, தலை முழுக்க நரை. கோஃபி என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தப் பெயர்தான், கோஃபி அன்னானுக்கும் அப்படி வந்ததே. வழியில் ஒரு வளைகுடா நகரத்தில் விமானம் மாற வேண்டும். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

கேட் வரிசையில் நான் முன்னால், அவர் பின்னால். என் பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்தார் கேட்டில் நின்ற பணியாளர் பெண். போர்டிங் பாஸ் 'பீப்' என்றது, போகலாம் என்று தலையாட்டிவிட்டார். அடுத்து கோஃபி. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இடது கையை நீட்டினார். கோஃபி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. "குட் ஈவினிங், மேடம்" என்றார். பதில் இல்லை. நீட்டிய கையில் இரண்டு விரல் மட்டும் 'கொடு' என்று ஆடின. மறுபடியும் "குட் ஈவினிங்". மூன்றாவது தடவை சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்தார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். ஓரமாக நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். 'பாசஞ்சர் ஆர்கியூ பண்றார்' என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கானாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். அக்ராவின் மகோலா சந்தையில் தக்காளி விலை கேட்பதானாலும் முதலில் வணக்கம். எடுத்த எடுப்பில் "எவ்வளவு?" என்றால் கடைக்கார அம்மா நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "குட் மார்னிங்" என்பார். நாம் திருப்பிச் சொன்ன பிறகுதான் விலை. இடது கை விஷயம் நம் ஊர் மாதிரியேதான், சொல்லப்போனால் நம்மைவிடக் கறார். கோஃபி ஆர்கியூ பண்ணவில்லை. பேச்சை எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

ஓரமாக நின்றவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆப்பிரிக்கர்கள். இருபது நிமிஷம் கழித்து, ஒன்றும் சொல்லாமல், ஏறச் சொல்லிவிட்டார்கள்.

இதே மாதிரி பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தென்றல்77 · வியாழன், இரவு 9:40

இந்த வெள்ளைக்காரத் திமிர் எப்போதுதான் அடங்குமோ.

அக்ராவாசி · வியாழன், இரவு 9:48

வெள்ளைக்காரி இல்லைங்க. சட்டையில் குத்தியிருந்த பெயர் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இருக்கும் பெயர். விமானத்தில் உட்கார்ந்ததும் கோஃபி கேட்டது அதை மட்டும்தான்: "அந்தப் பெண் உங்கள் ஊர்தானே?" ஆமாம் என்றேன். அதற்கப்புறம் சென்னை வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நேர்கோடு · வியாழன், இரவு 10:25

நான் லாகோஸுக்குப் பன்னிரண்டு வருடமாகப் போய் வருகிறேன், அதனால் கொஞ்சம் மறுபக்கமும் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

முந்நூறு பேரை முக்கால் மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய இடம் அது. ஒவ்வொருவரிடமும் குசலம் விசாரித்தால் விமானம் கிளம்பின மாதிரிதான். உங்கள் நண்பரிடம் கானா பாஸ்போர்ட். இந்தியாவுக்கு விசா வேண்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை வேண்டும். நீங்கள் சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள், விசா வேண்டாம். அவரை நிறுத்தினார்கள், உங்களை விட்டார்கள். இதில் நிறம் எங்கே வந்தது?

அப்புறம், அந்தப் பக்கமும் எல்லோரும் கோஃபி இல்லை. சக்கரம் தரையைத் தொடுவதற்குள் எழுந்து பெட்டியை இறக்குவது, பணிப்பெண்ணை 'ஏய்' என்று கூப்பிடுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் நைரோபியில் நடந்தது நினைவிருக்கிறதா? லாகோஸிலிருந்து நைரோபி, பாரிஸ் வழியாக மான்செஸ்டர் போக வேண்டிய பயணி, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா இல்லை என்று பாதி வழியில் நிறுத்தப்பட்டார். பல மணி நேரம் காத்திருந்து கடைசியில் அது பெரிய அசிங்கமாக முடிந்தது. வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. கவுண்டரில் நிற்பவரும் மனுஷர்தானே.

செக்இன் செல்வி · வெள்ளி, காலை 6:30

நைட் ஷிஃப்ட் பழக்கம் இன்னும் போகவில்லை, விடியற்காலையிலேயே இதைப் படித்துவிட்டேன். ஆறு வருடம் வளைகுடாவில் கவுண்டரிலும் கேட்டிலும் நின்றவள். இப்போது திருச்சியில் வீட்டோடு இருக்கிறேன். அக்ராவாசி அண்ணா, அந்தப் பெண் நானாகவும் இருந்திருக்கலாம்.

முதலில் உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் திரையில் டிமாட்டிக் என்று ஒன்று இருக்கும். விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், எந்த வழி என்று தட்டினால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று வரும். அது சொல்வதுதான் வேதம். ஏனென்றால் சரியான காகிதம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், அந்த நாடு அபராதம் போடுவது பயணிக்கு இல்லை, விமானக் கம்பெனிக்கு. பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 உத்தரவில் 3,000, 5,000 யூரோ என்று போகிறது கணக்கு. திருப்பி அழைத்து வரும் செலவும் கம்பெனி தலையில். அப்படித் திரும்பி வருகிறவரை நாங்கள் 'ஐநாட்' என்போம். ஓர் ஐநாட் வந்தால் மறுநாள் சூப்பர்வைசர் அறையில் முதல் கேள்வி, "யார் செக்இன் பண்ணியது?"

ஆக, குடியுரிமை அதிகாரியின் வேலையில் பாதி, அந்தச் சம்பளமும் பயிற்சியும் இல்லாமல், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கையில் வந்து விழுகிறது. பிரீஃபிங்கிலேயே "இன்னைக்கு லாகோஸ் இருக்கு, அக்ரா இருக்கு, பார்த்துக்கோங்க" என்பார்கள். லண்டன் விமானத்துக்கு அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு மாதம் கேட்டால் போதும், கண் தானாகவே முகத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

நேர்கோடு சாருக்கு ஒரு திருத்தம். விசா விஷயம் நீங்கள் சொன்னது சரி, கோஃபிக்கு வேண்டும், அண்ணாவுக்கு வேண்டாம். ஆனால் மஞ்சள் காய்ச்சல் அட்டை பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதில்லை. எங்கிருந்து வருகிறார் என்பதுதான் கணக்கு. கானாவிலிருந்து வரும் இந்தியரும் காட்ட வேண்டும். இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடலாம். அண்ணா, உங்களிடம் அட்டையைக் கேட்டார்களா?

அக்ராவாசி · வெள்ளி, காலை 7:05

கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன், எடுக்கவே இல்லை. கோஃபியிடம் அதைத்தான் முதலில் கேட்டார்களாம்.

செக்இன் செல்வி · வெள்ளி, காலை 7:11

இரண்டு பேரும் ஒரே அக்ரா விமானத்தில் வந்தவர்கள். கொசுவுக்கு யார் எந்த ஊர் என்று தெரியாது. அப்படியென்றால் அது காகிதம் பார்த்தது இல்லை, ஆளைப் பார்த்தது.

நேர்கோடு · வெள்ளி, காலை 8:30

அட்டை விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். விசா வாதம் அப்படியே நிற்கிறது.

கிண்டிக்காரன் · வெள்ளி, காலை 9:02

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் கம்பாலா வேலை. அந்த மஞ்சள் அட்டை ஊசி சென்னையில் எங்கே போடுகிறார்கள்? பத்து வருடத்துக்கு ஒரு தடவை போட வேண்டுமா?

மொம்பாசா மணி · வெள்ளி, காலை 9:20

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். உங்கள் பெயரிலேயே ஊர் இருக்கிறது, நடந்தே போகலாம். நாள், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். பத்து வருடக் கணக்கு பழசு. 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

இந்தக் கொசு விஷயத்திலேயே இன்னொன்று. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் விமானங்களில், கதவைச் சாத்தியதும் பணியாளர்கள் இரண்டு கையிலும் ஸ்பிரே டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதை நெடுக அடித்துக்கொண்டே போவார்கள். பார்த்திருப்பீர்கள். கொசு மருந்து. மலேரியா, மஞ்சள் காய்ச்சல் கொசு ஊர் விட்டு ஊர் போய்விடக்கூடாது என்பதற்கு. நியாயமான காரணம்தான், ஆஸ்திரேலியா போகும் விமானத்திலும் உண்டு. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் ஒரு கென்யப் பாட்டி, கைக்குழந்தையோடு. அறிவிப்பு ஆங்கிலத்தில் கடகடவென்று ஓடி முடிந்துவிட்டது. பாட்டிக்குப் புரியவில்லை. தலைக்கு மேலே புஸ்ஸென்று அடித்ததும் குழந்தை முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு என்னிடம் சுவாஹிலியில் கேட்டார், "நாங்கள் அழுக்கா?"

அதே தடத்தில் இன்னொரு நாள் ஒரு பையன், பணியாளன், டப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் வயசானவர்கள் இருந்த வரிசைகளில் குனிந்து "ஷிகாமோ" என்றான். சுவாஹிலியில் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. "மரஹபா" என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, கொசுவுக்கு மருந்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொன்னான். மருந்து அதே மருந்துதான்.

வடமராட்சியான் · வெள்ளி, மாலை 4:15

ரொறன்ரோவிலிருந்து எழுதுறன். நேர்கோடு அண்ணை, நீங்கள் சொன்ன அந்த ஷெங்கன் விசாக் கதைக்குப் பின்னால ஒரு பட்டியல் இருக்கு. விமானம் மாறுறதுக்கு மட்டும், எயார்போட் வாசலைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே இருந்தாலும், விசா எடுக்க வேணும் எண்டு ஐரோப்பா பொதுவாக வைச்சிருக்கிற பட்டியல். பன்னிரண்டு நாடு. அதில ஆறு ஆப்பிரிக்க நாடு: நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, எரித்திரியா, சோமாலியா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு. மிச்சத்தில ஒண்டு எங்கட இலங்கை.

அதனால அந்த ஓரம் எனக்கு நல்லாத் தெரியும். இலங்கைப் பாஸ்போட்டோட வந்த காலத்தில ஒவ்வொரு கேட்டிலயும் நிண்டிருக்கிறன். பாஸ்போட்டை நகத்தால சுரண்டிப் பார்ப்பினம். விளக்குக்கு நேர பிடிச்சுப் பார்ப்பினம். "கனடாவில ஆர் இருக்கினம்? வீட்டு இலக்கம் என்ன?" எண்டு கேப்பினம். கேக்கிறது குடிவரவு அதிகாரி இல்லை, ரிக்கெற் கிழிக்கிற பெடியன்.

பிறகு எனக்குக் கனடாப் பாஸ்போட் கிடைச்சுது. அடுத்த பயணத்தில அதே எயார்போட், அதே ஆள் நான், "வெல்கம் பாக், சேர்" எண்டினம். சரி, எல்லாம் பாஸ்போட்டாலதான் எண்டு நானும் நம்பினனான். ஆனால் என்னோட வேலை செய்யிற எரித்திரிய நண்பர் ஒருத்தர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஒரே வருசம்தான் கனடாக் குடியுரிமை. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பயிற்சிக்குப் போய் வந்தம். போகேக்கையும் வரேக்கையும் அவரை மட்டும் மறிச்சினம். அதே நிறப் பாஸ்போட்தான், விசாவும் தேவையில்லை. இதுக்கு என்ன விளக்கம் சொல்லுவியள்?

நேர்கோடு · வெள்ளி, மாலை 5:50

ஒரு சம்பவத்தை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது.

காலாட்படை · வெள்ளி, மாலை 6:20

எல்லாம் சரிப்பா, இந்த [நீக்கப்பட்டது] கூட ஒரு தடவை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நெறியாளர் · வெள்ளி, மாலை 6:31

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். "எங்கள் ஊரில் சும்மா சொல்வதுதானே" என்று உள்பெட்டியில் வந்து வாதாட வேண்டாம்.

பிழைதிருத்தி · வெள்ளி, இரவு 8:10

நெறியாளர் எடுத்த சொல்லை விடுங்கள், எடுக்காத சொல்லைப் பார்ப்போம். நான் பத்திரிகையில் பிழை திருத்தி வயிறு கழுவியவன். வெளிநாட்டவர் கைதுச் செய்தி வந்தால் டெஸ்க்கில் என்ன நடக்கும் தெரியுமா? ஜெர்மனிக்காரர் என்றால் 'ஜெர்மன் சுற்றுலாப் பயணி கைது செய்யப்பட்டார்'. நைஜீரியர் என்றால் 'நைஜீரியன் சிக்கினான்'. யாரும் உத்தரவு போட்டது இல்லை. 'ர்' வர வேண்டிய இடத்தில் கை தானாக 'ன்' போடும். முப்பது வருடத்தில் இதை நான் திருத்திய தடவைகளை எண்ண முடியாது. திருத்தாமல் விட்டதும் உண்டு, கடைசிப் பதிப்பு நேரத்தில்.

இந்த இழையிலேயே பாருங்கள். ஷிகாமோ சொன்ன பணியாளரை மணி 'சொன்னான்' என்கிறார். பாசமாகத்தான் சொல்கிறார், தெரியும். வெள்ளைக்காரப் பணியாளராக இருந்தால் 'சொன்னார்' என்றுதான் வந்திருக்கும்.

மொம்பாசா மணி · வெள்ளி, இரவு 8:44

ஐயா, பிடித்துவிட்டீர்கள். என் மகன் வயசு என்பதால் அப்படி வந்தது என்று சொல்ல நினைத்தேன். யோசித்தால் அது முழு உண்மை இல்லை.

அடிஸ் வாத்தியார் · சனி, காலை 10:00

எத்தியோப்பியாவில் ஏழு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். பேரரசர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே அங்கே இந்திய ஆசிரியர்கள் உண்டு. "எங்கள் அப்பாவுக்கும் இந்திய வாத்தியார்தான்" என்று மாணவர்கள் சொல்வார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தியோப்பியர்களுக்கும் எரித்திரியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலவே சொந்தப் பெயர், பின்னால் அப்பா பெயர். ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியில் ஹைலே மட்டும்தான் அவர், கெப்ரசெலாசி அவருடைய அப்பா. பிரதமர் அபிய் அகமதுவை ஊரே 'டாக்டர் அபிய்' என்கிறது, 'டாக்டர் அகமது' என்று யாரும் சொல்வதில்லை. மரியாதைக்கு ஆணை 'அதோ', மணமான பெண்ணை 'வொய்சரோ' என்று சொந்தப் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள்.

விமானக் கம்பெனிக் கணினிக்கு இது புரியாது. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் எது இருக்கிறதோ அதுதான் ஆள். என்னோடு பயணம் செய்த ஒரு பேராசிரியையை ஒலிபெருக்கியில் அவருடைய அப்பா பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' போட்டு நான்கு தடவை கூப்பிட்டார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றவே இல்லை. கடைசியில் கேட்டில் இருந்தவர், "காது கேட்காதா?" என்றார். அவர் அமைதியாகச் சொன்ன பதில்: "நீங்கள் கூப்பிட்டது என் தகப்பனாரை. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது."

நம் வீட்டிலும் இந்தக் கூத்து உண்டே. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு தடவை அடித்துக் கொடுத்தார்கள். அப்பா பெயரைச் சேர்த்தால் ஊரெல்லாம் என்னை 'மிஸ்டர் ராமசாமி' என்கிறது. ராமசாமி திண்டுக்கல்லில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜோபர்க் மருமகன் · சனி, மதியம் 1:35

வாத்தியார் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். தென்னாப்பிரிக்கக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது சிரிப்பு இல்லை.

2022இல் ரயன்ஏர் விமானக் கம்பெனி ஒரு வேலை செய்தது. பிரிட்டனுக்குப் போகும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள் ஒரு கேள்வித்தாள் எழுத வேண்டும். நாட்டைப் பற்றிய பொது அறிவுக் கேள்விகள். போலிப் பாஸ்போர்ட் அதிகமாகிவிட்டது என்பது காரணம். அது சரியோ தவறோ, கேள்வித்தாள் எந்த மொழியில் தெரியுமா? ஆப்பிரிகான்ஸ். நாட்டில் அப்போது பதினொரு ஆட்சிமொழிகள். வீட்டில் ஆப்பிரிகான்ஸ் பேசுகிறவர்கள் ஏழில் ஒருவர்கூட இல்லை. இனவெறி ஆட்சி பள்ளிகளில் அந்த மொழியைத் திணித்தபோதுதான் 1976 ஜூன் 16இல் சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. இன்றும் அந்த நாள் அங்கே அரசு விடுமுறை. இந்தி எதிர்ப்பை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி டர்பன் தமிழ்க் குடும்பம். 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் போன வழியில் பின்னால் போனவர்களின் வாரிசு. வீட்டில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் ஜூலு. அவருடைய அத்தை சொன்னார், "பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் பெயிலாகி அடி வாங்கினேன். இப்போது விமானத்திலும் பரீட்சையா?" நல்லவேளை அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் பயணம் போகவில்லை. ஊரே கூச்சல் போட்ட பிறகு, அந்த வருட ஜூன் 16க்குச் சற்று முன்னால்தான் கம்பெனி அதைக் கைவிட்டது.

பரீட்சை வைத்தவர்கள் மனதில் வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. 'தென்னாப்பிரிக்கா என்றால் ஆப்பிரிகான்ஸ்' என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட 'இருப்பா, கேட்டுப் பார்ப்போம்' என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

மொம்பாசா மணி · சனி, மதியம் 2:10

2021 நவம்பர் 26ஐயும் சொல்லுங்கள் மருமகனே. ஒமிக்ரான் செய்தி வந்த கையோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன இரண்டு விமானங்களை அங்கே விமான நிலையத்தில் மணிக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள். 600 பேர் அளவில். சோதனையில் 61 பேருக்குத் தொற்று. சில நாள் கழித்து நெதர்லாந்து சுகாதாரத் துறையே சொன்னது: அந்த விமானங்கள் வருவதற்கு முன்னால் எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்தது. ஊரில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

நேர்கோடு · சனி, மாலை 5:30

இவ்வளவு படித்த பிறகும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கர்களை அவமதிப்பது அடுத்த நாட்டார் மட்டும் இல்லை.

2025 ஆகஸ்டில் நைஜீரியாவில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டைப் பாருங்கள். அபுஜாவில் ஃபூஜி என்ற அந்த ஊர் இசைவகையின் பாடகர் கே1 டி அல்டிமேட், கையிலிருந்த குடுவைத் தகராறில், கிளம்பத் தயாராக இருந்த விமானத்துக்கு முன்னால் போய் நின்றார். சில நாள் கழித்து லாகோஸில் ஒரு சாதாரணப் பெண் பயணி. போனை அணைக்கவில்லை என்று ஆரம்பித்த தகராறு இறங்கும்போது கைகலப்பானது. இழுத்துப் போகும்போது உடை கலைந்த நிலையில் வீடியோ, சிறை, வாழ்நாள் தடை. கூச்சல் எழுந்த பிறகு வழக்கு, தடை எல்லாம் வாபஸ். பாடகருக்கோ ஒரு மாதத் தடை, அதோடு விமான நிலையப் பாதுகாப்பு விதிகளுக்குத் தூதராக்கப்போவதாக விமானத் துறை அமைச்சர் கேயாமோ அறிவிப்பு. பணியாளர், பயணி, அமைச்சர் எல்லோரும் நைஜீரியர்களே.

அதனால் நிறம் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எளியவன் என்று தெரிந்தால் எங்கேயும் குரல் மாறும்.

வடமராட்சியான் · சனி, மாலை 6:05

அண்ணை, அது சரிதான். ஆனால் கறுப்பு முகத்தைக் கண்டவுடன எளியவன் எண்டு முடிவு கட்டுறதுதானே நாங்கள் இவ்வளவு நேரம் கதைச்சது. அலிகோ டாங்கோட்டே ஆப்பிரிக்காவின்ர பெரிய பணக்காரர். 2024 மே மாதம் ருவாண்டாவின்ர கிகாலியில ஒரு மேடையில அவரே சொன்னவர், நைஜீரியப் பாஸ்போட்டோட ஆப்பிரிக்காவுக்குள்ள சுத்த 35 விசா வேணும் எண்டு. பிரெஞ்சுக்காரருக்கு அவ்வளவு தேவையில்லையாம்.

நேர்கோடு · சனி, மாலை 6:40

'எளியவன்'. நானே 'ன்' போட்டிருக்கிறேன், பிழைதிருத்தி ஐயா வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

செக்இன் செல்வி · சனி, இரவு 11:20

காலையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

என் இரண்டாவது வருடம். அக்ரா விமானம், செக்இன். ஆப்பிரிக்கத் தடத்தில் பல கம்பெனிகள் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கொடுக்கும். அப்படியும் எக்ஸஸ் வரும், ஏனென்றால் ஒருவர் பயணத்தில் ஒரு தெருவுக்கே சாமான் போகும். நம் ஆட்கள் துபாயிலிருந்து அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வருவதுபோல அவர்களுக்குக் கட்டம் போட்ட பெரிய நைலான் பை. 'கானா மஸ்ட் கோ' என்று அதற்குப் பெயர். 1983 ஜனவரியில் காகிதம் இல்லாத வெளிநாட்டவர் எல்லாம் வெளியேற வேண்டும் என்று நைஜீரியா உத்தரவு போட்டது. பத்து லட்சம் அளவில் கானாக்காரர்கள் அந்தப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்களாம், அதிலிருந்து வந்த பெயர். எனக்கு அப்போது இது தெரியாது. பைக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று சிரித்திருக்கிறேன்.

அன்று ஒரு வயசான அம்மா. பை நான்கு கிலோ கூடுதல். பணம் கட்டச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். குழந்தைச் செருப்பு, பால் பவுடர் டப்பா, துணி துணியாக மடித்து வைத்த பெரிய பூப்போட்ட துணிகள். எதை எடுப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அந்தத் துணிகளில் ஒன்றை எடுத்து உடுத்தியிருந்ததற்கு மேலேயே சுற்றிக்கொண்டார். இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. பையைத் தூக்கி எடை மேடையில் வைத்தார், சரியாக இருந்தது. எங்களைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

அவர் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவன் எழுந்து, இடுப்பைப் பெரிதாக்கிக் காட்டி அவர் மாதிரியே இரண்டு எட்டு நடந்தான். தமிழில் ஒன்று சொன்னான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் திரும்பினார். எதையோ கேட்க மறந்து திரும்ப வந்திருக்கிறார். கேட்காமலே போய்விட்டார். தமிழ் அவருக்குத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதும் இல்லை.

எந்த விதியும், எந்த அபராதமும் என்னை அன்றைக்குச் சிரிக்கச் சொல்லவில்லை. முகம் பார்த்து நிறுத்துவதற்கு மேலிருந்து ஓர் அழுத்தம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்ல?

மொம்பாசா மணி · ஞாயிறு, காலை 8:15

செல்வி அம்மா, சொன்னதற்கு நன்றி. பயணிகள் பக்கம் ஏதாவது செய்ய முடியுமா? இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

செக்இன் செல்வி · ஞாயிறு, காலை 9:00

கொஞ்சம் முடியும். டிமாட்டிக்கில் இருக்கும் விவரத்தை ஐயாட்டாவின் இணையதளத்தில் பயணிகளும் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் "ஏன்?" என்று கேட்பதைவிட "எந்தக் காகிதம் குறைகிறது, திரையில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பணியாளர் பெயர், கேட் எண், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 'பாசஞ்சர் தொந்தரவு செய்தார்' என்று அந்தப் பக்கம் ஒரு வரி ஏறிவிட்டால், உங்கள் பக்கம் குறிப்பு இல்லாமல் ஒன்றும் எடுபடாது. படம் பிடிக்காதீர்கள், பல விமான நிலையங்களில் அதுவே தனி வழக்காகிவிடும்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதை எங்கள் ஆட்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்து "குட் ஈவினிங், சார்" சொல்ல எத்தனை விநாடி ஆகும் என்று நேற்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டுகூட ஆகவில்லை. முந்நூறு பேருக்குச் சொன்னாலும் பத்து நிமிஷத்துக்குள்தான். நேர்கோடு சார் கணக்கு பார்ப்பவர், சரிபார்க்கலாம்.

நேர்கோடு · ஞாயிறு, காலை 9:25

சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தையும் எந்த மேனேஜர் கொடுப்பார்? அங்கேயே போய் முட்டுகிறது.

அக்ராவாசி · அடுத்த வியாழன், இரவு 10:50

கோஃபி ஊருக்குத் திரும்பிவிட்டார். எனக்குச் சென்னையில் இன்னும் ஒரு வாரம் வேலை, அதனால் தனியாகத்தான் போனார். இன்று போனில் பேசினோம். அதே நகரம், வேறு கேட். மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர் போவது சொந்த நாட்டுக்கு, கையில் சொந்தப் பாஸ்போர்ட். நேர்கோடு சார், விசா வாதம் இங்கே வராது.

பணியாளரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். குட் ஈவினிங்கூடச் சொல்லவில்லையாம். பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாராம். "எந்தக் கையால் வாங்கினார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை" என்றார்.

செக்இன் செல்வி · அடுத்த வியாழன், இரவு 11:04

அண்ணா, கேட் எண்ணும் நேரமும் அவருக்கு நினைவிருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். அங்கே பயிற்சிப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார்.